கடைமடை ஊருக்குக் காசு எதற்கு?

(வாசகர் கேள்விகளுக்கு மன்னார்குடியிலிருந்து பதில் சொல்பவர், டெல்டாவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர்.)

என் அக்கா மகன் கனடாவில் வடகோடியில் இக்காலுவிட் என்ற ஊரில் இருக்கிறான். ஏழாயிரம் பேர்தான் ஊரே. அதற்கு அரசாங்கம் சாப்பாட்டுச் சாமானுக்கு மானியம் கொடுக்கிறது, வருமான வரியில் கழிவு கொடுக்கிறது. நாங்களும் மூலையில்தான் கிடக்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
வாசகர், தலைஞாயிறு

மருமகன் சொன்னது அத்தனையும் நிஜம் அய்யா. கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த கடை ரசீது நகலையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பால், முட்டை, கேரட் என்று வரிசையாக விலை. அடியில், அரசு மானியத்தால் உங்களுக்கு இவ்வளவு மிச்சம் என்று தனியாக ஒரு வரி. அப்படி அச்சிட வேண்டும் என்று கடைக்காரருக்கே விதி. 2011 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் அது. மானியம் போக மீதித் தொகையைப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றுகிறது என்பது வேறு விஷயம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். இக்காலுவிட், நுனாவுட் என்ற ஆட்சிப் பகுதியின் தலைநகர். 1999 ஏப்ரல் 1 அன்று தனியாகப் பிரித்தார்கள். பரப்பு நம் இந்தியாவில் ஐந்தில் மூன்று பங்கு. ஜனத்தொகை 2021 கணக்கில் 36,858. உங்கள் பக்கத்து வேதாரண்யம் நகராட்சியில் மட்டும் 2011லேயே 34 ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். அங்கே அந்த 36 ஆயிரம் பேரும் 25 ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குச் சாலை கிடையாது. போவது வருவது விமானத்தில். கோடையில் கடல் உருகினால் கப்பல் வரும், வருஷத்துக்கு வேண்டிய கனத்த சாமான் அதில்தான் இறங்க வேண்டும். மின்சாரம் டீசலை எரித்துத்தான்.

இந்த ஊர்களை நடத்த மத்திய அரசு அண்மை ஆண்டுகளில் 200 கோடி டாலர் அளவில் வருஷா வருஷம் கொடுத்து வருகிறது. நுனாவுட் அரசின் வரவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அப்படி வருவதுதான். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைத்தான், கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால், இரண்டு தரம் படித்தேன். இந்தப் பகுதியை நடத்த எவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகை. அதிலிருந்து இவர்களே வசூலிக்கக்கூடிய வருமானத்தைக் கழிக்கிறார்கள். முழுதாகக் கழிப்பதில்லை, 70 சதவீதம்தான். மீதி 30 அவர்களுக்கே. நாலு காசு சொந்தமாகச் சம்பாதித்தால் நாலையும் மானியத்தில் பிடித்துக்கொண்டால் எவன் சம்பாதிப்பான்? அதை யோசித்துப் போட்ட சூத்திரம். தனியாளுக்கு வரிக் கழிவும் அப்படித்தான்: வடக்கே குடியிருக்கும் ஒவ்வொரு நாளுக்கும், வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டால், 22 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆறு மாதமாவது தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் மருமகன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இந்தக் காசு மனம் இரங்கிக் கொடுத்ததல்ல. 1953லும் 1955லும் கியூபெக்கின் வட பகுதி இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் என்ற பழங்குடிக் குடும்பங்களை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கிரீஸ் ஃபியோர்ட், ரெசலூட் என்ற ஊர்கள் அப்படி உண்டானவை. வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வரலாம் என்று சொன்னார்கள். திரும்ப விடவில்லை. அந்தப் பனித் தீவுகள் கனடாவுடையவை என்று காட்ட அங்கே மனிதர்கள் குடியிருக்க வேண்டியிருந்தது என்பதுதான் காரணம் என்று அந்தக் குடும்பங்கள் சொல்லிவந்தார்கள். 2010இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. கிரீஸ் ஃபியோர்டில் 2021இல் 144 பேர். அந்த 144 பேரும் அங்கே இருப்பதால்தான் அந்தத் தீவு தன்னுடையது என்று கனடா நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முடிகிறது. அவர்களுக்குப் போகும் காசை மானியம் என்று எழுதினாலும் நான் வாடகை என்றுதான் படிப்பேன்.

இப்போது தலைஞாயிறுக்கு வருகிறேன். நீங்களும் ஒன்றைக் காவல் காக்கிறீர்கள். 2020இல் சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் வந்தன. புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டக் கூடாது, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை கூடாது. நல்ல சட்டம். எண்ணெய்க் கிணற்றுக்கு எதிராக நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஜனங்கள் உட்கார்ந்ததை மறந்துவிட்டு யாரும் அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் ஊருக்கெல்லாம் சோறு வேண்டும் என்பதற்காக ஒரு வட்டாரத்தை நெல்லோடு கட்டிப்போட்டால், கட்டிப்போட்டதற்கு உண்டான தொகை எங்கே என்று கேட்பது நியாயம். சட்டத்தில் "கூடாது" என்ற பட்டியல் இருக்கிற அளவுக்குத் தெளிவாக, "ஆகவே இத்தனை ரூபாய்" என்ற பட்டியல் இல்லை.

இரண்டாவது, தலைக்கணக்கு. 15ஆவது நிதி ஆணையம் ஊரக உள்ளாட்சிப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது 90 சதவீதம் ஜனத்தொகைக்கு, 10 சதவீதம் பரப்புக்கு. அதிலும் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தார்கள். ஜனத்தொகைக்குத் தகுந்த பணம் என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அடப்பாற்றில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் கரையில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? மேலே நீடாமங்கலத்தில் பெய்த மழையும் உங்கள் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வடிகாலின் நீளத்துக்குப் பணம் கேளுங்கள், தலைக்குக் கேட்காதீர்கள். அந்தச் சொல்லோடு கிராம சபையில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். "போதிய நிதி ஒதுக்க வேண்டும்" என்று முடியும் தீர்மானங்களை நான் கட்டுக் கட்டாகப் பார்த்தவன். அவற்றை ஒருவரும் இரண்டாம் தரம் படித்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாப்பாட்டு மானியம் முழுதும் ஜனங்களுக்குப் போகிறதா, கடைக்காரர் லாபத்தில் ஒட்டிக்கொள்கிறதா என்பதைத் துறையால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று 2014இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளரே எழுதினார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டுப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போய்க் கேட்டால், "இப்போ வேலை இல்ல, வந்தா சொல்றோம்" என்கிறார்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. என்ன செய்வது?
வாசகி, கோட்டூர்

அம்மா, நீங்கள் வாயால் கேட்டிருக்கிறீர்கள். அது காற்றோடு போயிற்று. எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள்.

எழுதிக் கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது 2005 சட்டத்திலேயே இருக்கிறது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். அப்படியானால் நாளுக்கு 84, பிறகு 168. அந்தச் சட்டப்படி கூலியை மத்திய அரசு தரும், இந்தப் படியை மாநிலம் தன் கையிலிருந்து தர வேண்டும். முடிச்சு அங்கேதான் விழுகிறது. ரசீது கொடுத்தால் நாள் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் ரசீது கொடுக்க மாட்டார்கள். வேலை வந்த அன்று எல்லாருக்கும் மொத்தமாக மனு எழுதி வாங்கிக்கொள்வார்கள். பதிவேட்டைப் பிரித்தால் வேலை கேட்ட தேதியும் வேலை தொடங்கிய தேதியும் ஒட்டி ஒட்டியே இருக்கும். ஒரு பஞ்சாயத்தில் வேலை கேட்ட அத்தனை பேருக்கும் அடுத்த நாளே வேலை கிடைத்ததாகக் காகிதம் சொன்னால், அந்தக் காகிதம் எப்படிப் பிறந்தது என்று கேட்க வேண்டாமா?

ரசீது தர மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள். ஒப்புகை அட்டைதான் உங்கள் ரசீது. தனியாக அனுப்பாதீர்கள், பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் அனுப்புங்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாள்களை 125 ஆக்கியிருக்கிறது, செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைத்திருக்கிறது. வேலையில்லாப் படியை அதுவும் எடுத்துவிடவில்லை. ஆகவே ரசீதின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இந்த நூறு நாள் வேலை வந்ததிலிருந்து குறுவை நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம். முன்னேறிய நாட்டில் இப்படி நடக்குமா?
விவசாயி, வலங்கைமான்

நடக்கும் அய்யா, நடந்திருக்கிறது. கனடாவின் கிழக்குக் கரையில் "லோட்டோ 10-42" என்று ஒரு கிண்டலே இருந்தது. பத்து வாரம் மீன் ஆலையில் வேலை, மீதி 42 வாரம் வேலையிழப்புக் காப்பீட்டில் அரசாங்கக் காசு, லாட்டரி விழுந்த மாதிரி என்று பொருள். உங்களைப் போலவே அங்கேயும் பண்ணைக்காரர்களும் ஆலைக்காரர்களும் புலம்பினார்கள். அந்தப் பத்து வாரத்துக்கு மேல் அங்கே வேலையே கிடையாது என்பதைப் புலம்பியவர்கள் சொல்லவில்லை.

அவர்களுடைய வேலையிழப்புக் காப்பீடு 1940இல் சட்டமானது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, அந்த வட்டாரத்தில் வேலையில்லாதோர் எத்தனை சதவீதம் என்று மாதா மாதம் பார்க்கிறார்கள். வேலை தாராளமாக உள்ள இடத்தில் 700 மணி நேரம் உழைத்திருந்தால்தான் காசு. வேலை இல்லாத இடத்தில் 420 மணி போதும். காசு வரும் காலமும் 14 வாரத்திலிருந்து 45 வாரம் வரை, இடத்துக்கு இடமும் உழைத்த நேரத்துக்குத் தக்கபடியும் மாறும். நமக்கோ கோயம்புத்தூர் பக்கமும் கோடியக்கரைப் பக்கமும் ஒரே நாள் கணக்கு.

நடவுக்கு வருகிறேன். உங்கள் வட்டாரத்தில் அறுப்பை மெஷின் எடுத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஆயிற்று? கதிர் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துக் கூலி நெல் வாங்கியவர்களுக்கு நீங்கள் இப்போது வைத்திருக்கும் வேலை நடவும் களையும்தான். அதற்கும் பாதிப் பேர் மெஷின் நடவு. வருஷத்தில் சில வாரம் கூப்பிடுவதற்காக ஓர் ஆள் ஊரிலேயே காத்துக் கிடக்க வேண்டுமானால் மீதி நாளுக்கு அவள் எதைத் தின்பாள்? நூறு நாள் வேலை இல்லாவிட்டால் அவள் திருப்பூருக்குப் போயிருப்பாள். அப்போதும் உங்களுக்கு மேற்கு வங்கத்து ஆட்கள்தான் வந்து நட்டுக்கொடுக்க வேண்டும். இப்போதே நடுகிறார்கள், நல்ல வரிசையாகவும் நடுகிறார்கள்.

மரத்தடி விஷயம். பார்த்திருக்கிறேன், இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் வாய்க்கால் வெட்டில் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அளக்க நடுவில் மண்திட்டு விட்டுவைப்பார்கள் அல்லவா, அதன் தலையில் பழைய புல் அப்படியே இருக்க வேண்டும். மேலே புது மண்ணைக் குவித்து உயரம் காட்டியிருந்தால் புல் இருக்காது. அதைக் குனிந்து பார்க்காமல் அளவு எழுதுகிற மேற்பார்வையாளரைக் கேளுங்கள். ஏ, பி என்கிற பெரிய வாய்க்காலைப் பொதுப்பணிக்காரர்கள் பொக்லைன் வைத்து வாரிவிட்டுப் போனபின், உங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சி, டி வாய்க்காலை யார் வெட்டினார்கள் என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

புதிய சட்டத்தில் விதைப்பு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்க இடம் இருக்கிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நாளைக் குறிப்பது மாநிலம். மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் வலங்கைமானில் நடவு நடக்கிறபோது திருத்துறைப்பூண்டியில் வாய்க்கால் ஈரம்கூடக் காணாது. மாநிலம் முழுதுக்கும் ஒரே தேதி போட்டால் கடைமடைப் பெண்களுக்கு அந்த 60 நாள் சுத்தப் பட்டினி. வட்டாரம் வட்டாரமாகத் தேதி குறிக்கச் சொல்லி உங்கள் சங்கமும் அவர்கள் சங்கமும் சேர்ந்து மனுக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு தரும் பணம் போதவில்லை. வெளிநாட்டில் மீனவர்களுக்கு எப்படி?
வாசகி, புஷ்பவனம்

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 61ஆல் வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய். அதுவும் வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல.

கனடாவில் சொந்தப் படகு வைத்திருப்பவரும் வேலையிழப்புக் காப்பீட்டில் உண்டு. சம்பளம் வாங்காதவருக்கு மணிக்கணக்கு எப்படி என்று கேட்பீர்கள். மணியைப் பார்ப்பதில்லை, மீன் விற்ற காசைப் பார்க்கிறார்கள். வட்டாரத்தைப் பொறுத்து 2,500 முதல் 4,200 டாலர் வரை சம்பாதித்திருந்தால் கடல் மூடிய பருவத்தில் 26 வாரம் வரை பணம் வரும். சம்பாதித்ததில் 55 சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள். அதற்காக அவர்கள் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காப்பீட்டில் இப்போது அரசாங்கப் பணம் கிடையாது, தொழிலாளியும் முதலாளியும் கட்டுவதுதான்.

சந்தா கட்டும் வழி நம்மிடமும் இல்லாமல் இல்லை. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 போட்டால் மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தருகிறார்கள். பெண்களுக்குத் தனியாக உண்டு. வீட்டுக்காரர் பெயரில் வருகிறதே என்று உங்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். தொகை சின்னது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிடித்த மீனுக்குக் கணக்கு இருந்தால்தான் நாளைக்கு 55 சதவீதம் கேட்க முடியும். ஏலத்தில் விற்ற சீட்டை அடுப்பில் போடாமல் எடுத்து வையுங்கள்.

பட்டம் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். உதவித்தொகை உண்டா?
வாசகர், பாபநாசம்

உண்டு தம்பி. பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள், வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருஷம். காலாண்டுக்கு ஒருமுறை வங்கியில் போடுவார்கள். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு நேர்முகத்துக்குப் போய்வரும் பஸ் காசுக்குச் சரியாக இருக்கும். கேட்காமல் விடாதீர்கள், அதை நம்பியும் இருக்காதீர்கள்.

சின்ன ஊரில் டாக்டர் நிற்பதில்லை, வாத்தியார் நிற்பதில்லை. நிற்க வைக்க வழியே இல்லையா?
வாசகர், மரக்காணத்திலிருந்து மாற்றலாகி வேதாரண்யத்தில் பணிபுரியும் ஆசிரியர்

உங்களை நிற்க வைத்தது எது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே சார்!

நார்வே நாட்டின் வடகோடியில் ஃபின்மார்க் என்ற பகுதி. டென்மார்க் நாட்டைவிடப் பெரியது, ஜனம் 75 ஆயிரம் அளவில். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழாது. படித்த பிள்ளைகள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். 1990இல் அந்தப் பகுதியையும் ஒட்டியிருந்த ஏழு ஊராட்சிகளையும் தனி மண்டலமாக்கினார்கள். அங்கே தொழில் வைத்திருப்பவர் தொழிலாளிக்காகக் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தா பூஜ்யம். தெற்கே அதுவே 14.1 சதவீதம். வருமான வரி குறைவு. 2023 ஆகஸ்டிலிருந்து குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கல்விக் கடன். அந்த மண்டலத்தில் குடியிருந்து வேலையும் பார்த்தால் வருஷத்துக்குக் கடனில் பத்து சதவீதம் தள்ளுபடி. நீண்ட காலம் அதற்கு 25,000 குரோனர் உச்சவரம்பு. பன்னிரண்டு மாதம் முழுதாக இருந்தால்தான் அந்த வருஷத்துத் தள்ளுபடி. டாக்டருக்கு மட்டும் என்று இல்லை. நர்ஸ், வாத்தியார், மீன் ஆலை இன்ஜினியர், எவரானாலும் சரி.

நம் ஊரில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிந்த அரசு டாக்டருக்கு முதுநிலைப் படிப்பில் ஊக்க மதிப்பெண் தருகிறோம். தப்பில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு அவர் செய்கிற முதல் காரியம் ஊரை விட்டுக் கிளம்புவது. பரிசே வெளியே போகிற டிக்கெட்டாக இருக்கிறது. நார்வேக்காரன் பரிசை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஐந்தாவது வருஷம் நின்றால்தான் ஐந்தாவது வருஷத்துப் பங்கை எடுத்துக் கொடுக்கிறான். நம் பிள்ளைகளில் பலருக்கு இப்போது வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, கொள்ளிடம் போன்ற வட்டாரங்களில் வேலை பார்க்கும் வரைக்கும் அந்தத் தவணையில் ஒரு பங்கை மாநிலம் கட்டும் என்று ஓர் அரசாணை போட எவ்வளவு செலவாகும்? கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு வட்டாரவாரியாகக் காலிப் பணியிட எண்ணிக்கை வேண்டும். ஆசிரியர் பணியிடக் கணக்கை நீங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி அனுப்புங்கள், மீதியை நான் போட்டு அடுத்த இதழில் தருகிறேன்.